வேக்ரன்ட்: குன்னூரில் எடுத்த பில்டும் கூடலூரில் எடுத்த பில்டும் ஒன்றாகுமா?

பச்சை இலை எடைக் கணக்கு மென்பொருள் என்றால் அது மூன்று இடத்தில் ஓடியாக வேண்டும். இலை எடுக்கும் சாலையோரத்தில் ஏஜென்ட் கையில் ஆண்ட்ராய்டு போன். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் விண்டோஸ் கணினி. எடை மேடைக்குப் பக்கத்தில் லினக்ஸ் ஓடும் சின்னப் பெட்டி. இதை எழுதும் குழுவில் ஒருவர் குன்னூரிலும் ஒருவர் கூடலூரிலும் இன்னொருவர் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மூலநிரலிலிருந்து மூன்று பேரும் பில்டு எடுத்தால், அதாவது அதை ஓடும் கோப்பாக மாற்றினால், மூவருக்கும் ஒரே கோப்பு வர வேண்டும், பைட்டுக்குப் பைட் ஒன்றாக. சும்மா எடுத்தால் வராது. அது வருவதற்கு, எல்லோர் கணினிக்குள்ளும் ஒரே மாதிரி மெய்நிகர் கணினியை (வி.எம்.) எழுப்பித் தரும் வேக்ரன்ட் என்ற கருவி எவ்வளவு தூரம் துணை வரும், எந்த இடத்தில் கைவிடும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இலை போடும் விவசாயிக்குக் கிடைப்பது ஒரு ரசீது மட்டும். எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, மீதி எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்தக் கணக்குப் போடும் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். ஆனால் எடை மேடையில் ஓடுவது மூலநிரல் இல்லை, அதிலிருந்து பில்டு எடுத்த கோப்பு. இரண்டுக்கும் நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட ஒரே வழி, வேறொருவர் வேறொரு கணினியில் பில்டு எடுத்து அதே ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) காட்டுவது. மூலநிரலை ஓடும் கோப்பாக மாற்றும் கம்பைலரையே நம்பலாமா என்ற கேள்வியை, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1984-லேயே எழுப்பிவிட்டார். 2015-இல் எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரத்தில், ஆப்பிள் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருளின் நச்சு கலந்த பதிப்பை இறக்கிய நிரலாளர்களின் சொந்தச் செயலிகள் அவர்களுக்கே தெரியாமல் கெட்டுப்போயின. ரசீதை நம்பி இலை போடும் ஊரில் இது தள்ளிப்போடக்கூடிய விஷயமில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேக்ரன்ட் எல்லோரையும் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வைக்கும். அதை அது நன்றாகவே செய்கிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்கள் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள் என்று அது உறுதி தராது. அதைவிட முக்கியம், பில்டில் உள்ள குறைகளை அது மறைத்தும் வைக்கும். இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் நல்ல கருவி.

நிறுவுவதும் எழுதுவதும்

வேக்ரன்ட் 2010-இல் மிட்செல் ஹாஷிமோட்டோ தொடங்கியது. ரூபியில் எழுதப்பட்டது. தானாக வி.எம். எதையும் ஓட்டாது, விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி, விஎம்வேர் மாதிரி ஒன்றை (ப்ரொவைடர்) பிடித்து ஓட்டும். லினக்ஸில் வி.எம். ஓட்டும் லிப்வர்ட் வேண்டுமானால் தனிச் சொருகி (ப்ளகின்) போட வேண்டும். வேக்ரன்ட்டை வெளியிடும் ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் உரிமத்தை பி.எஸ்.எல். (பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ்) என்ற வகைக்கு மாற்றியது. அதன் தயாரிப்புகளுக்குப் போட்டியாக ஒன்றை விற்கத் தடை உண்டு. சொந்த மென்பொருளுக்கு பில்டு எடுக்கப் பயன்படுத்துவதில் சிக்கலில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. அதோடு தனியாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் அப்படி இல்லை. தொழிலுக்குப் பயன்படுத்தினால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். பில்டு எடுக்க அது தேவையே இல்லை. இறக்காமல் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் கணினியில் டபிள்யு.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) அல்லது ஹைப்பர்-வி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் சுற்றுவழியில் ஓடும். வி.எம். சன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் அதுதான் காரணம். ஹைப்பர்-வியை அணைத்துக் கணினியை மறுபடி தொடங்கினால் ஆமை போய்விடும். இல்லையென்றால் பில்டு ஆமை வேகத்தில்தான் நடக்கும்.

வேக்ரன்ட்ஃபைல் என்ற ஒரு கோப்பில் எல்லாவற்றையும் எழுதி மூலநிரலோடு வைக்கிறோம். அதில் முதலில் பாக்ஸின் (வி.எம். கிளம்புவதற்கான தயார் வட்டு அடங்கிய பெட்டி) பெயர். பெயரோடு நிறுத்திக்கொண்டால் ஆளுக்கு ஒரு பதிப்பு வரும். ‘பாக்ஸ் வெர்ஷன்’ வரியில் ஒரே எண்ணை எழுதியே ஆக வேண்டும். அடுத்து ‘பாக்ஸ் டவுன்லோடு செக்சம்’ வரியில் ஷா-256 மதிப்பு (ஒரு வகை ஹாஷ்), அதன் வகையைச் சொல்லும் வரியோடு. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இணையத்தைத் தொடாமல் இருக்க ‘பாக்ஸ் செக் அப்டேட்’ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். நினைவகமும் கோர் எண்ணிக்கையும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும், “கணினியில் இருப்பதில் பாதி” என்று கணக்குப் போட்டு எடுக்கக் கூடாது. லிங்க்டு க்ளோன் வசதியை இயக்கினால் இரண்டாவது, மூன்றாவது வி.எம்.கள் முழு வட்டையும் நகல் எடுக்காமல் வித்தியாசத்தை மட்டும் எழுதும். சிறிய எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

விபிகெஸ்ட் என்ற சொருகியைப் பலர் பழக்கத்தில் போட்டு வைத்திருப்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் வி.எம்.முக்குள் வைக்கும் துணை நிரல்களான கெஸ்ட் அடிஷன்ஸ் பழையதாக இருந்தால் அது வி.எம்.முக்குள் புதியதை நிறுவும், அதற்காகக் கெர்னல் ஹெடர்களையும் இன்னும் சில பொதிகளையும் (பேக்கேஜ்) இழுத்து வரும். பதிப்பைப் பூட்டிய பாக்ஸ் முதல் நாளே மாறிப்போகும். எடுத்துவிடுங்கள். உபுண்டு பாக்ஸ்களில் பின்னணியில் தானே மேம்படுத்திக்கொள்ளும் அன்அட்டெண்டடு அப்கிரேட்ஸையும் ஆப்ட்-டெய்லி டைமரையும் வி.எம்.மைத் தயார் செய்யும் ப்ரொவிஷன் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் இரண்டு தொந்தரவு. பொதி நிறுவும்போது டி.பி.கே.ஜி. பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை வரும். பிழை வராத நாளில் கம்பைலரே சத்தமில்லாமல் மாறிவிடும்.

கம்பைலரைப் பூட்டுவதுதான் வேக்ரன்ட் செய்யாத பெரிய வேலை. ஆப்ட் என்ற பொதி நிறுவியிடம் ‘அப்டேட் செய், பிறகு ஜிசிசி கம்பைலரை நிறுவு’ என்று ஸ்கிரிப்டில் இருந்தால் இன்று ஓட்டியவருக்கும் அடுத்த மாதம் ஓட்டியவருக்கும் வேறு வேறு ஜிசிசி. டெபியன் லினக்ஸ் பாக்ஸாக இருந்தால் தீர்வு உண்டு. டெபியனின் ஸ்னாப்ஷாட் களஞ்சியம் 2005 முதலான பொதிகளை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருக்கிறது. ஆப்ட் மூலப் பட்டியலில் அந்த முகவரியை ஒரு குறிப்பிட்ட தேதியோடு எழுதிவிட்டால் எப்போது ஓட்டினாலும் அந்த நாளின் பொதிகளே வரும். பழைய வெளியீட்டுக் கோப்பு காலாவதியானது என்று ஆப்ட் மறுக்கும் என்பதால் ‘செக் வேலிட் அன்டில்’ சோதனையை அந்த மூலத்துக்கு மட்டும் அணைக்க வேண்டும். கையெழுத்துச் சோதனையை அணைக்காதீர்கள், அது வேறு.

கோடு மெலிந்த இடத்தில்

4 ஜி.பி. பாக்ஸை 10 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 10 மெகாபிட்) இணையக் கோட்டில் இறக்க, கோடு ஒரு நொடியும் தளராமல் இருந்தால், 53 நிமிடம் ஆகும். நவம்பர் மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து கேபிளும் போய்விட்டால் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் தனித்தனியாக இறக்குவதைவிட ஒருவர் இறக்கி எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. ஃபேட்-32 டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

இங்கே வேக்ரன்ட்டின் ஒரு குறையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பிலிருந்து ‘வேக்ரன்ட் பாக்ஸ் ஆட்’ செய்தால் அந்தப் பாக்ஸின் பதிப்பு 0 என்று பதிவாகிவிடும். வேக்ரன்ட்ஃபைலில் பூட்டி வைத்த எண்ணோடு பொருந்தாமல் போய், இருக்கிற பாக்ஸை விட்டுவிட்டு மறுபடி இணையத்தில் தேடப் போகும். பதிப்பு வரியை அழித்தால் வேலை நடக்கும் என்று கண்டுபிடித்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பாக்ஸ் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜேசான் கோப்பு எழுதி, அதில் பெயர், பதிப்பு எண், ப்ரொவைடர், கோப்பு இருக்கும் இடம், ஷா-256 ஐந்தையும் கொடுத்து, பாக்ஸுக்குப் பதில் அந்த ஜேசானைச் சேருங்கள். பதிப்பு ஒழுங்காகப் பதியும், செக்சமும் சரிபார்க்கப்படும்.

பொதிகளுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இடைநிலைச் சேமிப்பானை ஹோஸ்டிலோ (வி.எம்.மைத் தாங்கும் கணினி) ஒரு பழைய கணினியிலோ ஓட்டலாம். 3142-ஆம் போர்ட்டில் கேட்கும். வி.எம்.மை அழித்துவிட்டு மறுபடி எழுப்பினால் இரண்டாவது முறை பொதிகள் அறைக்குள்ளிருந்தே வரும். ஸ்னாப்ஷாட் களஞ்சியம் அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளை மட்டுப்படுத்தும் என்பதாலும் இது அவசியம்.

பெட்டி மறைக்கும் குறைகள்

ஒரே பாக்ஸில் இரண்டு முறை பில்டு எடுத்து, ஹாஷ் ஒன்றாக வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. எடுத்துக்காட்டாக, கோப்பு வரிசை. ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளை வரிசைப்படுத்தாமல் அப்படியே வாசித்து டாரில் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் தொகுப்பு) போடும் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று வையுங்கள். லினக்ஸ் வட்டின் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமை பெயர்களின் ஹாஷ் வரிசையில் பட்டியல் தரும். அந்த ஹாஷுக்கு ஒரு விதை எண் உண்டு. வட்டை ஃபார்மட் செய்யும்போது அது தற்செயலாகப் பிறக்கும். ஒரே பாக்ஸிலிருந்து கிளம்பிய எல்லா வி.எம்.களிலும் விதை ஒன்றே. அதனால் குன்னூரிலும் கூடலூரிலும் வரிசை ஒன்றாகவே வரும். எல்லாம் சரி என்று தோன்றும். ஒரு நாள் ஒருவர் லினக்ஸுக்கு மாறி அதே பெயருள்ள லிப்வர்ட் பாக்ஸை எடுப்பார். அது வேறு தடவை ஃபார்மட் ஆன வட்டு. வரிசை கலைந்துவிடும், ஹாஷும் மாறும். குறை முதல் நாளிலிருந்தே இருந்தது, பெட்டி அதைக் காட்டவில்லை. பாக்ஸ் பெயரும் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருந்தாலும் ப்ரொவைடர் மாறினால் உள்ளடக்கம் வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

டார் கட்டளையில் வரிசையைப் பெயர்ப்படி என்றும், மாற்ற நேரத்தை ஒரே மதிப்பென்றும், உரிமையாளர், குழு இரண்டையும் 0 என்றும், பெயருக்குப் பதில் எண்ணையே எழுது என்றும் சொல்ல வேண்டும். வரிசைப்படுத்தும் தேர்வு குனு டார் 1.28-இலிருந்து இருக்கிறது. டாரைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு ‘என்’ கொடியை (கட்டளையோடு சேர்க்கும் தேர்வு) கொடுத்தால் பெயரையும் நேரத்தையும் தலைப்பில் எழுதாது. கோப்பு அனுமதிகளையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் ஹோஸ்டிலிருந்து பகிர்ந்த ஃபோல்டர் வி.எம்.முக்குள் எல்லாக் கோப்பையும் இயக்கக்கூடியதாகவே காட்டும், லினக்ஸ் ஹோஸ்டில் அப்படி இருக்காது. எனவே டாரில் அனுமதியையும் கட்டாயப்படுத்துங்கள்.

பகிர்ந்த ஃபோல்டரில் பில்டு எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. அனுமதி போதாதென்று பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு ஹோஸ்டைப் பொறுத்து மாறும். சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) சில இடத்தில் வேலை செய்யாது. மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் விண்டோஸில் வரி முடிவுகளை மாற்றி வைத்திருக்கும். வேக்ரன்ட்ஃபைலில் அந்தப் பகிர்வை முடக்கிவிட்டு, மூலநிரலை கிட் பண்டில் என்ற ஒற்றைக் கோப்பாக உள்ளே அனுப்பி, எல்லோரும் ஒரே பாதையில் குளோன் செய்யுங்கள். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரி முடிவு எல்.எஃப். (லினக்ஸ் முறை) என்று எழுதிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. பாதை ஏன் ஒன்றாக வேண்டும் என்றால், பிழைதிருத்தத் தகவலிலும் பிழைச் செய்திகளிலும் கம்பைலர் முழுப் பாதையை எழுதிவிடும். ஜிசிசி 8-இலிருந்தும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் 10-ஆம் பதிப்பிலிருந்தும் உள்ள ‘ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப்’ தேர்வால் பாதையை ஒரு புள்ளியாகச் சுருக்கலாம். கோ மொழியில் ‘டிரிம்பாத்’, ரஸ்ட் மொழியில் ‘ரீமேப் பாத் பிரிஃபிக்ஸ்’. பாதையை ஒன்றாக வைப்பது, கொடியையும் போடுவது, இரண்டையும் செய்யுங்கள்.

அடுத்தது நேரம். ‘சோர்ஸ் டேட் எபோக்’ என்ற சூழல் மாறியில் கடைசி கிட் கமிட்டின் நேரத்தை, 1970 ஜனவரி 1 முதலான நொடிகளாக, வைத்துவிட்டால் பல கருவிகள் கடிகாரத்தைப் பார்க்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். ஜிசிசி 7-இலிருந்து, பில்டு தேதியை நிரலுக்குள் எழுதும் மேக்ரோக்களுக்கும் இதையே மதிக்கிறது. பைதான் 3.7-இலிருந்து இது இருந்தால், பை-கம்பைல் மூலம் கம்பைல் ஆகி உருவாகும் பிஒய்சி கோப்புகளில் நேரத்துக்குப் பதில் மூலத்தின் ஹாஷ் பதியும். வசதியாக இருக்கட்டும் என்று மதிப்பை 0 ஆக்கிவிடாதீர்கள். ஜிப் வடிவத்துக்கு 1980-க்கு முன் காலமே கிடையாது. பைதானின் ஜிப் தொகுதி அங்கேயே நின்றுவிடும். குறைந்தபட்சம் 315532800 (1980 ஜனவரி 1) வேண்டும்.

ஜிப் நமக்கு வைக்கும் இன்னொரு பொறி ஐந்தரை மணி நேரம். அது நேரத்தை உள்ளூர் நேரமாக, நேர மண்டலக் குறிப்பில்லாமல், இரண்டிரண்டு நொடிக் கணக்கில் எழுதுகிறது. வி.எம். ஒன்று இந்திய நேரத்திலும் இன்னொன்று யு.டி.சி.யிலும் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஒவ்வொரு கோப்பிலும் ஐந்தரை மணி வித்தியாசம் நிற்கும். பில்டு ஸ்கிரிப்டிலேயே நேர மண்டலத்தை யு.டி.சி. ஆக்குங்கள், ஜிப்புக்குப் பெரிய ‘எக்ஸ்’ கொடியைக் கொடுத்துக் கூடுதல் புலங்களை எடுத்துவிடுங்கள். வி.எம்.மின் வன்கடிகாரத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும், லினக்ஸ் யு.டி.சி. என்று படிக்கும். லினக்ஸ் வி.எம்.முக்கு விர்ச்சுவல்பாக்ஸில் ‘ஆர்டிசி யூஸ் யுடிசி’ இயங்கட்டும்.

கரண்ட் போகும் ஊரில் வி.எம்.மை சஸ்பெண்ட் செய்து வைப்பது பழக்கமாகிவிடும். யு.பி.எஸ். கத்தத் தொடங்கியதும் அதுதான் கைக்கு முதலில் வரும். மறுபடி எழுப்பும்போது வி.எம்.முக்குள் நேரம் பழையதாக இருக்கும். வித்தியாசம் 20 நிமிடத்துக்கு மேல் போனால் கெஸ்ட் அடிஷன்ஸ் கடிகாரத்தை ஒரே தாவலில் முன்னே தள்ளும், குறைவென்றால் மெல்ல மெல்லச் சரிசெய்யும். பில்டை நடத்தும் ‘மேக்’ (make, ஆப்பிள் கணினி இல்லை) கருவி கோப்பின் நேரத்தைப் பார்த்துத்தான் எதை மறுபடி கம்பைல் செய்வது என்று முடிவெடுக்கிறது. நேரம் முன்பின்னாகிவிட்டால் கடிகார முரண் என்று ஓர் எச்சரிக்கையோடு சில கோப்புகளைத் தொடாமலே விட்டுவிடும். வெளியிடப் போகும் பில்டை எப்போதும் ‘வேக்ரன்ட் டெஸ்ட்ராய்’ (அழி), ‘வேக்ரன்ட் அப்’ (எழுப்பு) இரண்டும் செய்த புது வி.எம்.மில் எடுங்கள்.

தமிழ் எழுத்து கொண்டுவரும் சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதும் கையேடுகளில் இதைப் பார்க்க முடியாது, நமக்கோ தினசரிப் பிரச்சினை. ஊர்வாரியாகத் தரவுக் கோப்பு வைத்திருந்தால் பெயர் ‘கோத்தகிரி’, ‘கொலக்கம்பை’ என்று இருக்கும். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதுவது ஒன்று, இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகப் பிரித்து எழுதுவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ்.-பிளஸ் வட்டு கோப்புப் பெயரைத் தானாகவே பிரித்து வைக்கும். லினக்ஸ் கொடுத்தபடியே வைக்கும். மேக்கில் தொட்ட ஃபோல்டர் லினக்ஸுக்கு வந்தால் டாரில் பெயரின் பைட்டுகள் வேறு, வரிசையும் வேறு. ‘குன்னூர்’ என்ற கோப்பு தப்பித்துவிடும், ‘கோத்தகிரி’ மாட்டும். எந்த ஊரில் உடைகிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். கிட்டில் ‘ப்ரீகம்போஸ் யூனிகோடு’ அமைப்பை மேக்கில் இயக்குங்கள். அதைவிட நல்ல வழி, கோப்புப் பெயரில் ஊர்க் குறியீட்டு எண்ணை வைத்து, தமிழ்ப் பெயரைக் கோப்புக்குள் வைப்பது.

வரிசைப்படுத்தலும் இப்படித்தான். நம் அகரவரிசையில் ‘ன’ கடைசி மெய். யூனிகோடு எண் வரிசையிலோ ‘ந’வுக்கு அடுத்ததே ‘ன’, ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் ‘ஜ’. எந்த வரிசை வரும் என்பது வி.எம்.மின் லொக்கேலையும் (மொழி அமைப்பு) ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) பதிப்பையும் பொறுத்தது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பில்டு நடக்கும்போது ‘எல்.சி. ஆல்’ மாறிக்கு ‘சி’ என்ற மதிப்பை வைத்து எண் வரிசையிலேயே விடுங்கள். விவசாயி பார்க்கும் திரையில் அகரவரிசை வேண்டும், அதை நிரல் ஓடும்போது செய்துகொள்ளலாம்.

விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு

விண்டோஸ் பில்டுக்கு விண்டோஸ் வி.எம். வைப்பது வீண் சுமை. உரிமம் வேண்டும், சோதனைக்குத் தரும் எண்டர்பிரைஸ் பதிப்பு 90 நாளில் முடியும், பதிப்பைப் பூட்டி வைக்கவும் இடம் தராது. டெபியன் வி.எம்.முக்குள்ளேயே மிங்ஜிடபிள்யு-டபிள்யு64 என்ற கம்பைலர் தொகுப்பை வைத்து விண்டோஸ் கோப்பை உருவாக்கினால் லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் ஒரே சூழல் போதும். விண்டோஸ் இயங்குகோப்பின் தலைப்பில் 4 பைட் நேர முத்திரை உண்டு. கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்கு ‘நோ இன்சர்ட் டைம்ஸ்டாம்ப்’ கொடுத்தால் அது நிலைத்துவிடும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் லிங்கரில் ‘பிரெப்ரோ’ தேர்வு இருக்கிறது.

மேக்குக்கு இந்த வழி எளிதில்லை. ஆப்பிள் உரிமப்படி மேக் இயங்குதளத்தை ஆப்பிள் கணினி மேல்தான் வி.எம்.மாக ஓட்டலாம், அதுவும் கூடுதலாக இரண்டு. பில்டு சூழலில் ‘ஜீரோ ஏஆர் டேட்’ மாறியை 1 ஆக்கினால் நூலகக் கோப்புகளில் நேரம் பதியாது. ஆப்பிள் சிலிக்கான் (ஆர்ம் வகை ப்ராசசர்) கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 ஆர்ம் வி.எம்.களை மட்டுமே ஓட்டும். எக்ஸ்-86 (இன்டெல், ஏஎம்டி வகை) பாக்ஸ் வேண்டுமானால் கெம்மு என்ற மென்பொருள் வழியாகப் போலச்செய்துதான் ஓட்ட வேண்டும். வேலை நடக்கும், மிக மெதுவாக. குழுவில் ஒருவரிடம் மட்டும் புது மேக் இருந்தால் சரிபார்க்கும் வேலையை அவரிடம் கொடுக்காமல் எக்ஸ்-86 கணினி வைத்திருப்பவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆண்ட்ராய்டுக்கு ஜேடிகே, பில்டு டூல்ஸ், என்டிகே என்ற கருவித் தொகுப்புகள் மூன்றின் பதிப்பும் கிரேடில் (ஆண்ட்ராய்டு பில்டை நடத்தும் கருவி) கோப்பில் முழு எண்ணாக இருக்கட்டும். சி நூலகம் சேர்த்திருந்தால் லிங்கர் எழுதும் பில்டு-ஐடி என்ற அடையாள எண் பாதை மாறினாலே மாறும்; ‘பில்டு ஐடி நன்’ கொடுத்து நிறுத்துங்கள். இந்த வழியில் நம்பி இறங்கலாம் என்பதற்குச் சான்று, கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டு. அதன் பில்டு சர்வர் பல ஆண்டுகள் வேக்ரன்ட் வி.எம்.களின் மேல்தான் ஓடியது.

ப்ராசசரைப் பற்றி ஒன்று. ‘மார்ச் நேட்டிவ்’ என்ற கொடி எந்த மூலையில் இருந்தாலும் தேடி எடுங்கள். அது வி.எம். காட்டும் சி.பி.யு.வுக்கு ஏற்ப குறிமுறையை மாற்றும். ஹோஸ்ட் மாறினால் ஹாஷ் மாறும், பழைய கணினியில் நிரலே விழுந்துவிடும். இதற்குப் பக்கத்திலேயே உள்ள இன்னொரு ஆபத்து தசமக் கணக்கு. ஆர்ம் போனில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்த்துச் செய்யும்போது கடைசி இலக்கம் விண்டோஸில் வருவதோடு ஒத்துப்போகாது. பில்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போன் ரசீதும் அலுவலக ரசீதும் ஒரு பைசா வேறுபடலாம். எடையைக் கிராமாகவும் தொகையைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்துக் கணக்கிடுங்கள்.

வித்தியாசத்தைப் படிப்பது

ஹாஷ் ஒத்துப்போகாதபோது டிஃபோஸ்கோப் இல்லாமல் காரணத்தைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான். டெபியன்காரர்கள் உருவாக்கிய இந்தக் கருவியிடம் இரண்டு கோப்பைக் கொடுத்தால் உள்ளே உள்ளே பிரித்துக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பான ஏபிகே ஒரு ஜிப்தான், அந்த ஜிப்புக்குள் நூலகம், நூலகத்துக்குள் எந்தப் பகுதியில் எந்த வரி என்று எச்.டி.எம்.எல். அறிக்கையாகத் தரும். பெரிய கோப்புகளுக்கு நினைவகத்தை விழுங்கும், நேரமும் எடுக்கும். அறிக்கையை மேலிருந்து படிக்காதீர்கள். முதலில் மிகச் சிறிய வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு பாதையோ ஒரு தேதியோ அங்கே வெளிப்படையாக நிற்கும். அதைச் சரிசெய்தால் மேலே இருக்கும் நூறு வித்தியாசம் தானே மறையும்.

சோதனைக்கு வேக்ரன்ட்ஃபைலில் வேண்டுமென்றே இரண்டு மாறுபட்ட வி.எம்.களை எழுதுங்கள். ஒன்றுக்கு 1 கோர், யு.டி.சி.; மற்றதற்கு 4 கோர், இந்திய நேரம், வேறு பயனர் பெயர், வேறு ஹோஸ்ட் பெயர், வேறு அமாஸ்க் (புதுக் கோப்பின் அனுமதியை முடிவு செய்வது), ஒரு மாதம் தள்ளிய தேதி. முடிந்தால் வேறு ப்ரொவைடர். இரண்டும் ஒரே 64 எழுத்து ஷா-256 தந்தால் அது உண்மையான தேர்ச்சி. ரீப்ரோடெஸ்ட் கருவி இந்த மாற்றங்களில் பலவற்றை ஒரே வி.எம்.முக்குள் தானாகவே செய்யும். அதோடு டிஸ்ஆர்டர்எஃப்எஸ் சேர்ந்தால் கோப்பு வரிசையைக் கலைத்தும் காட்டும். வேக்ரன்ட் மறைத்து வைத்திருந்த குறைகள் அப்போதுதான் வெளியே வரும்.

முழு வி.எம். இல்லாமல் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கர் போதாதா என்று கேட்கலாம். எடை குறைவு, எழுப்ப நொடிதான். ஆனால் ஹோஸ்டின் கெர்னலையே பகிர்கிறது, விண்டோஸிலும் மேக்கிலும் அடியில் எப்படியும் ஒரு வி.எம். ஓடும், பொதிகளைத் தேதியோடு பூட்டாவிட்டால் அங்கேயும் இதே கதை. நிக்ஸ், கீக்ஸ் என்ற பொதி மேலாளர்கள் வேரிலிருந்தே ஒழுங்கானவை. கட்டமைக்கும் ஒவ்வொரு பொருளின் மூலத்தையும் ஹாஷால் பூட்டுகின்றன, பிட்காயின் கோர் திட்டமும் கிட்டியன் என்ற பழைய பில்டு கருவியை விட்டு கீக்ஸுக்குப் போயிருக்கிறது. விண்டோஸில் நேரடியாக ஓடாது, கற்க நேரம் பிடிக்கும். இரண்டு வருடம் ஒரே மென்பொருளோடு இருக்கப் போகிறவர்கள் வேக்ரன்ட் வி.எம்.முக்குள்ளேயே நிக்ஸை நிறுவித் தொடங்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

கோப்பில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட பிறகு ஹாஷை ஒப்பிடாதீர்கள். விண்டோஸ் கையெழுத்தில் நேர முத்திரை சேரும், ஆண்ட்ராய்டு சாவி ஒருவரிடம்தான் இருக்கும். கையெழுத்துக்கு முந்தைய கோப்பை மூன்று பேரும் தனித்தனியாக எடுத்து, ஹாஷை ஒப்பிட்டு, ஒத்துப்போன பிறகு சாவி வைத்திருப்பவர் கையெழுத்திடட்டும். அந்த ஹாஷை ரசீதின் அடியில் அச்சிடலாம், 64 எழுத்து சிறு அச்சில் இரண்டு வரிதான் பிடிக்கும். பாக்ஸ் கோப்பு, அதன் ஜேசான், கேச்சரில் சேர்ந்த பொதிகள் மூன்றையும் இரண்டு டிரைவில் எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஒன்றைக் குன்னூரிலும் மற்றதைக் கூடலூரிலும் வையுங்கள்.